ஒளியின் தள்ளுவிசையும் மேகநாத் சாகாவும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஒளி என்றாலே நமக்கு வெம்மைதான் நினைவுக்கு வரும். சித்திரை மாத வெயிலில் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்றவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்படியிருக்க, ஒளியைப் பாய்ச்சியே ஒரு பொருளைக் குளிர வைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நாம் சிரிக்கத்தான் செய்வோம். ஆயினும் அது உண்மை. இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில், காற்றை நீக்கிய கலத்துக்குள் அணுக்களைப் பிடித்து வைத்து, லேசர் ஒளியைப் பாய்ச்சி, தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே கொண்டு போகிறார்கள். விண்மீன்களுக்கு இடையே உள்ள வெட்டவெளியிலும் அத்தகைய குளிர் இல்லை.

இந்த விந்தையின் வேரில் இருப்பது ஒரு சின்னஞ்சிறு உண்மை. ஒளி தள்ளும். ஓர் அணு தனக்கு உகந்த நிறத்து ஒளியை விழுங்கும்போது, அந்த ஒளி சென்றுகொண்டிருந்த திசையிலேயே ஓர் உந்துதலையும் பெறுகிறது. இந்த உண்மையைக் கையில் எடுத்துக்கொண்டு சூரியனின் புதிர் ஒன்றை விடுவிக்க முனைந்த இந்தியர் ஒருவர் உண்டு. அவர் அதைப் பற்றி எழுதிய குறிப்பு 1919ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்தது. அவர் ஒரு கிராமத்து மளிகைக் கடைக்காரரின் மகன். அவர் பெயர் மேகநாத் சாகா.

சாகா என்றால் அயனியாக்கச் சமன்பாடு என்று ஒரு வரியில் படித்துவிட்டு நாம் மேலே போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையை அறிய வேண்டும் என்ற ஆவல் எனக்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்து ஏறி வருகிற நமக்கு, சாகாவின் வாழ்க்கை தொலைவில் உள்ள ஒரு மேதையின் வாழ்க்கையாக மட்டும் தோன்றாது என்று நினைக்கிறேன்.

பிறப்பும் கல்வியும்

இன்று வங்காள தேசமாக உள்ள நிலப்பரப்பில், டாக்கா மாவட்டத்துச் சியோராதலி என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சாகா பிறந்தார். தந்தை ஜகந்நாத் சாகா. தாய் புவனேசுவரி தேவி. எட்டுக் குழந்தைகளில் இவர் ஐந்தாமவர். மேகநாதன் என்றால் மேகத்தின் முழக்கம் என்று பொருள். இராமாயணம் அறிந்த நமக்கு அது இராவணன் மைந்தன் இந்திரசித்தின் பெயர் என்பதும் தெரியும். அவர் பிறந்த அன்று கடும் மழையும் புயலும் அடித்ததால் அப்பெயர் இடப்பட்டது என்பார்கள்.

தந்தையின் வருமானம் வயிற்றுக்கும் வாய்க்குமே போதவில்லை. தொடக்கப் பள்ளியோடு பையனைக் கடையில் உட்கார வைத்துவிடலாம் என்பதே வீட்டார் எண்ணம். அடுத்த நிலைப் பள்ளியோ பத்துக் கிலோமீட்டர் தொலைவில், சிமுலியா என்ற ஊரில் இருந்தது. அப்போது மூத்த அண்ணன் ஜயநாத் குறுக்கே நின்றார். தம்பியின் அறிவை அறிந்த அவர், சிமுலியாவில் இருந்த அனந்த குமார் தாஸ் என்னும் மருத்துவரை நாடினார். அம்மருத்துவர் தம் வீட்டிலேயே சிறுவனுக்கு இலவசமாகத் தங்க இடமும் உணவும் தந்தார். சாகா அங்கே தாம் உண்ட தட்டைத் தாமே கழுவ வேண்டும்; வீட்டுப் பசுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதிக் கட்டுப்பாடு நிலவிய காலம் அது. சிறுவன் அதைப் பெரிதுபடுத்தாமல் படித்தான். மாவட்டத்திலேயே சிறப்பாகத் தேறி உதவித்தொகை பெற்றான்.

பின்னர் சணல் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஜயநாத், தம் மாதச் சம்பளமான 20 ரூபாயில் 5 ரூபாயைத் தம்பிக்கு அனுப்பி வந்தார். இந்த அண்ணனைப் பற்றி உலகுக்கு அதிகம் தெரியாது. ஆனால் நமக்குத் தெரியும். நம் வீடுகளிலும் இப்படி ஓர் அண்ணனோ அக்காவோ இருக்கிறார்கள். துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு வரும் என் அக்காதான் என் பரீட்சைக் கட்டணமும் ரெக்கார்டு நோட்டுச் செலவும் தருகிறாள். அவளுக்கு ஜயநாத்தின் கதையைச் சொன்னேன். அந்த அண்ணனுக்குப் பிள்ளைகள் உண்டா, அவர்களும் படித்தார்களா என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

1905இல் சாகா டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அவ்வாண்டுதான் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். நாடெங்கும் கிளர்ச்சி. ஆளுநர் பள்ளிக்கு வருகை தந்தபோது எதிர்ப்புக் காட்டிய மாணவர்களோடு சாகாவும் சேர்ந்தார். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அந்த உதவித்தொகைதான் சோறு. தனியார் பள்ளியான கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காளத்திலேயே முதல்வராகத் தேறினார். டாக்காவில் இடைநிலை வகுப்பில் பயிலும்போதே ஜெர்மன் மொழியையும் தனியே கற்றுக்கொண்டார். அந்த மொழியறிவு பிற்காலத்தில் பெரிதும் கைகொடுத்தது.

1911இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். வகுப்புத் தோழர் சத்தியேந்திர நாத் போஸ். 1913இல் கணிதப் பட்டத் தேர்விலும் 1915இல் முதுகலைத் தேர்விலும் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். இந்த இரு நண்பர்களின் பெயரும் இக்கட்டுரையில் மீண்டும் ஒருமுறை இணையப் போகிறது.

கல்லூரிப் படிப்பு இனித்தாலும் விடுதி வாழ்க்கை கசந்தது. ஈடன் இந்து விடுதியில் உயர்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். சரசுவதி பூசையிலும் அவரை விலக்கினர். கலைமகளுக்குப் பூசை செய்யும் இடத்தில் கல்வியில் சிறந்தவனுக்கு இடமில்லை! அவர் விடுதியை விட்டு வெளியேறித் தனியே தங்கிப் படித்தார். அரசு நிதித் துறைத் தேர்வு எழுத விரும்பியபோது, அரசியல் கிளர்ச்சியாளர்களோடு பழகியவர் என்று கூறி அனுமதி மறுத்துவிட்டார்கள். அந்த வேலை கிடைத்திருந்தால் ஒரு நல்ல கணக்கு அதிகாரி கிடைத்திருப்பார். விண்மீன்களைப் படிக்கும் திறவுகோல் கிடைத்திராது.

அச்சுக்கூலி இல்லாத கட்டுரை

1916இல் அசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் சாகாவையும் போசையும் விரிவுரையாளர்களாக அமர்த்தினார். இருவரும் கணிதம் படித்தவர்கள். ஆனால் இயற்பியல் கற்பிக்க வேண்டியிருந்தது. முதல் உலகப் போர்க் காலம். புதிய நூல்கள் கப்பலில் வருவதே அரிது. கிடைத்த ஜெர்மன் நூல்களைத் தாமே படித்துத் தாமே கற்றுக்கொண்டு மறுநாள் வகுப்பில் கற்பித்தார்கள். ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை இவ்விருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது.

ஆக்னஸ் கிளார்க் என்னும் அம்மையார் எழுதிய விண்ணியல் நூல்கள் சாகாவின் உள்ளத்தைக் கவர்ந்தன. அங்கேதான் அந்தப் புதிர் அவர் கண்ணில் பட்டது. முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரிய விளிம்பில் சிவந்து தெரியும் மெல்லிய வளிமண்டலம் ஒன்று உண்டு. அதில் கால்சியம் மிக உயரத்தில் காணப்படுகிறது. ஹைட்ரஜனின் அணு எடை 1. கால்சியத்தின் அணு எடை 40. இவ்வளவு கனத்த அணு, சூரியனின் கடும் ஈர்ப்பை மீறி, இலேசான ஹைட்ரஜனுக்கும் மேலே நிற்பது எப்படி? யார் அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்?

சூரிய ஒளியே தாங்கிப் பிடிக்கிறது என்றார் சாகா. ஒளிக்கு அழுத்தம் உண்டு என்பதை ருசிய விஞ்ஞானி லெபதேவ் 1901 வாக்கில் சோதனையால் காட்டியிருந்தார். சாகாவும் 1918இல் ஒரு நண்பருடன் சேர்ந்து கல்கத்தாவில் ஒளியழுத்தத்தைப் பற்றிச் சோதனை செய்து வெளியிட்டார். ஆனால் பழைய அலைக் கொள்கைப்படி, ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறிதான ஓர் அணுவின்மீது அந்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சாகா புதிய குவாண்டம் கொள்கையைப் பிடித்தார். ஒளி சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. அணு ஒரு பொட்டலத்தை முழுதாக விழுங்குகிறது. அந்தப் பொட்டலத்தின் உந்தம் முழுவதும் அணுவுக்கே சேர்கிறது. அதிலும் எல்லா அணுவும் எல்லா ஒளியையும் விழுங்குவதில்லை. தனக்கு உரிய நிறத்தை மட்டுமே விழுங்கும். கால்சியம் விழுங்கும் நிறங்கள் சூரிய ஒளியில் வலுவாக உள்ள பகுதியில் இருக்கின்றன; எனவே அது வலுவாகத் தள்ளப்படுகிறது. இதைத் தேர்ந்தெடுத்துத் தள்ளும் கதிர்வீச்சு அழுத்தம் என்று அவர் அழைத்தார்.

ஒளித்துகளின் உந்தத்தைப் பற்றி ஐன்ஸ்டைனும் 1917இல் எழுதியிருந்தார். ஆனால் அதை விண்மீனின் வளிமண்டலத்தில், இன்ன தனிமத்தின் அணு இன்ன நிறத்தால் தள்ளப்படுகிறது என்று பொருத்திப் பார்த்த பெருமை, இளம் கல்கத்தா விரிவுரையாளருக்கு உரியது.

அவர் இதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி, 1917இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற வானியற்பியல் இதழுக்கு அனுப்பினார். கட்டுரை நீளமாக உள்ளது, அச்சுச் செலவில் ஒரு பகுதியை ஆசிரியரே ஏற்றால் வெளியிடலாம் என்று பதில் வந்தது. கேட்ட தொகை நூறு டாலரைத் தாண்டியது. சாகாவின் சம்பளமோ சிறியது. அதில் வயதான பெற்றோரைக் காக்க வேண்டும். தம்பியைப் படிக்க வைக்க வேண்டும். பணம் அனுப்ப அவரால் இயலவில்லை. கட்டுரை வெளிவராமலே கிடந்தது. நெடுநாள் காத்திருந்த பின், அதன் சாரத்தை ஒரு சிறு குறிப்பாக அனுப்பினார். அது 1919இல் அவ்விதழில் வந்தது. முழுக் கட்டுரையும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இதழில் வெளியாயிற்று. அந்த இதழை வெளிநாட்டில் படிப்பவர் எத்தனை பேர்? பின்னர் இங்கிலாந்தின் மில்ன் என்ற அறிஞர் இதே கருத்தை விரிவாக வளர்த்துப் புகழ்பெற்றார். தமக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தைச் சாகா 1936இல் ஒரு வானியல் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார்.

தோழர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். கருத்து இருந்தது, கணக்கு இருந்தது, காசு இல்லை.

சாகா ஓய்ந்துவிடவில்லை. அதே புதிரை வேறொரு வழியில் அணுகினார். உயரே காணப்படுவது முழுக் கால்சியம் அணு அன்று, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம் அயனி என்பதைக் கவனித்தார். வெப்பம் மிகுந்து அழுத்தம் குறையும் இடத்தில் அணுக்கள் எளிதில் எலக்ட்ரானை இழக்கும் என்பதைச் சமன்பாடாக வடித்தார். 1920இல் வெளிவந்த இந்த வெப்ப அயனியாக்கக் கொள்கைதான் அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது. ஒரு விண்மீனின் நிறமாலையைப் பார்த்து அதன் வெப்பநிலையைச் சொல்லும் வழி இதனால் பிறந்தது. 1925இல் சிசிலியா பெய்ன் என்ற இளம் பெண்மணி, சாகாவின் சமன்பாட்டைக் கொண்டே விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கண்டறிந்தார்.

நம் ஆய்வகத்துச் சோடியம் விளக்கு

இனி, ஒளியின் தள்ளுதல் குளிர்ச்சியாக மாறும் விதத்தைக் காண்போம். இதற்கு நம் ஆய்வகத்துச் சோடியம் ஆவி விளக்கே போதும். நிறமாலைமானியை வைத்துக்கொண்டு அதன் மஞ்சள் வரிகளைப் பார்க்காத இயற்பியல் மாணவர் நம்மில் இல்லை. அலைநீளம் 589 நானோமீட்டர். பிளாங்க் மாறிலியை இந்த அலைநீளத்தால் வகுத்தால் ஒரு பொட்டலத்தின் உந்தம் கிடைக்கும். அதைச் சோடியம் அணுவின் நிறையால் வகுத்தால், ஒரு பொட்டலத்தை விழுங்கிய அணு பெறும் வேகம் கிடைக்கும். நான் கணக்கிட்டுப் பார்த்தேன். நொடிக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். ஓர் எறும்பின் வேகம்!

சூடான அடுப்பிலிருந்து வெளிவரும் சோடியம் அணுவோ நொடிக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. எறும்பு தள்ளி விரைவு வண்டி நிற்குமா? நிற்கும், எறும்புகள் போதுமான எண்ணிக்கையில் எதிரே வந்துகொண்டே இருந்தால். சுமார் 34,000 பொட்டலங்கள் எதிர்த் திசையிலிருந்து மோதினால் அந்த அணு நின்றுவிடும். விழுங்கிய ஒளியை அணு உடனே வெளியே உமிழ்ந்துவிடுகிறது. ஆனால் உமிழ்வது எந்தத் திசையிலும் இருக்கலாம். ஆயிரக்கணக்கான தடவை உமிழும்போது அந்த உதைகள் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். விழுங்கும்போது பெறும் உதையோ எப்போதும் ஒரே திசையில். சோடியம் அணுவால் ஒரு நொடியில் மூன்று கோடித் தடவை வரை இப்படி விழுங்கி உமிழ முடியும். எனவே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில், அரை மீட்டர் தூரத்துக்குள் அணு நின்றுவிடுகிறது. புவி ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறக்குறைய 90,000 மடங்கு வலிமையுள்ள பிரேக் அது.

அப்படியானால் நம் விளக்கின் எதிரில் உள்ள சோடியம் ஆவி ஏன் உறைந்துவிடவில்லை? விளக்கின் ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. நேர்த்தியான ஒரே நிறமும் அன்று. 1933இல் ஓட்டோ ஃபிரிஷ் சோடியம் விளக்கைக் கொண்டே சோடியம் அணுக்கற்றையை இம்மியளவு விலகச் செய்து காட்டினார். அதற்கு மேல் போக 1960இல் லேசர் பிறக்க வேண்டியிருந்தது.

வெப்பம் என்பது அணுக்களின் தாறுமாறான ஓட்டமே. எல்லாத் திசையிலும் ஓடும் அணுக்களை மெதுவாக்கினால் அதுவே குளிர்ச்சி. ஆனால் எதிரே வரும் அணுவை மட்டும் தள்ள வேண்டும். விலகிப் போகும் அணுவைத் தள்ளினால் அது இன்னும் வேகமாக ஓடும். ஒளிக்கு எந்த அணு எதிரே வருகிறது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் டாப்ளர் விளைவு துணை செய்கிறது. திண்டிவனம் ரயில் நிலையத்து நடைமேடையில் நின்று, நிற்காமல் போகும் விரைவு வண்டியைக் கவனித்திருக்கிறீர்களா? நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உயர்ந்து ஒலிக்கும். நம்மைக் கடந்து விழுப்புரம் பக்கம் திரும்பியதும் சட்டென்று தணிந்துவிடும். ஒளிக்கும் இதே கதிதான். லேசரின் அதிர்வெண்ணை, அணு விழுங்கும் அதிர்வெண்ணுக்குச் சற்றே கீழே வைக்கிறார்கள். ஒளியை எதிர்த்து வரும் அணுவுக்கு அந்த அதிர்வெண் உயர்ந்து, சரியாகப் பொருந்திவிடும். அணு அதை விழுங்கி உதை வாங்கும். விலகிப் போகும் அணுவுக்கு அது மேலும் தாழ்ந்து, பொருந்தாமல் போகும். மேல், கீழ், இடம், வலம், முன், பின் என ஆறு திசையிலிருந்தும் லேசரைப் பாய்ச்சினால் அணு எப்பக்கம் ஓடினாலும் எதிர்த் தள்ளுதான். உமிழப்படும் ஒளி, விழுங்கிய ஒளியைவிடச் சற்றே அதிக ஆற்றலோடு வெளியேறுகிறது. அந்தச் சிறு வேறுபாடுதான் அணுவின் ஓட்டத்திலிருந்து பறிக்கப்பட்ட வெப்பம்.

1975இல் இந்த எண்ணம் எழுத்தில் வந்தது. ஹென்ஷ், ஷாவ்லோ ஆகியோர் வாயு அணுக்களுக்கும், வைன்லாண்ட், டெமெல்ட் ஆகியோர் பொறியில் பிடித்த அயனிகளுக்கும் இதைக் கூறினர். 1978இல் மின்புலப் பொறியில் சிக்கிய மக்னீசியம் அயனிகளை 40 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்தார்கள். மின்னூட்டமற்ற அணுக்களைப் பிடிப்பது கடினமாக இருந்தது. 1985இல் ஸ்டீவன் சூ குழுவினர் ஆறு கற்றைகளின் நடுவே சோடியம் அணுக்களை, ஒரு கெல்வினைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 240 பங்கு என்ற அளவுக்குக் குளிர்வித்தனர். கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்த பின் எஞ்சும் மொலாசஸ் பாகின் பெயரையே அந்த ஒளிக்கும் இட்டனர். பாகில் விழுந்த ஈ நகர முடியாமல் தவிப்பதுபோல் அணு ஒளியில் தவிக்கிறது. கரும்பு விளையும் நம் மாவட்டத்தாருக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். பாகு மெதுவாக்குமே தவிரப் பிடித்து வைக்காது. அதற்குக் காந்தப் புலத்தையும் சேர்த்து 1987இல் ஒரு பொறி அமைத்தார்கள். சூ, கோஹன்-தனூஜி, பிலிப்ஸ் ஆகிய மூவருக்கும் 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரு நண்பர்கள் மீண்டும்

1924இல், அப்போது டாக்காவில் இருந்த சத்தியேந்திர நாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணும் புதிய முறையொன்றை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை அணுக்களுக்கும் விரித்து, மிகக் குளிர்ந்த நிலையில் அணுக்கள் தம் தனித்தன்மையை இழந்து ஒரே நிலையில் ஒன்றாகிவிடும் என்று கணித்தார். அதைக் கண்ணால் காண எழுபது ஆண்டுகள் ஆயின. 1995இல் அமெரிக்காவில் கார்னெலும் வைமனும் ருபீடிய அணுக்களை முதலில் லேசர் ஒளியால் குளிர்வித்தார்கள். பின்னர், ஆவி பறந்து தேநீர் ஆறுவதுபோல, வேகம் மிகுந்த அணுக்களை வெளியேற விட்டு மேலும் குளிர்வித்து, போஸ்-ஐன்ஸ்டைன் திரட்டை உண்டாக்கினார்கள். வெப்பநிலை, ஒரு கெல்வினில் நூறு கோடியில் 170 பங்கு!

ஒரே வகுப்பில், ஒரே தேர்வில் முதலும் இரண்டுமாக வந்த இரு மாணவர்கள். ஒருவர் எழுதியது பயணத்தின் முடிவில் இருக்கும் ஊர். மற்றவர் எழுதிய ஒளியின் தள்ளுதல் அவ்வூருக்குப் போகும் சாலை. சாகாவின் கட்டுரையைப் படித்துத்தான் லேசர் குளிர்விப்பைக் கண்டார்கள் என்று நான் கூறவில்லை. ஆனால் அதே உண்மையைத்தான் அவர் 1919இல் சூரியனில் கண்டு சொன்னார் என்பதை மறுக்க இயலாது. சூரியனில் அணுவை மேலே தூக்கிய தள்ளுவிசையே ஆய்வுக்கூடத்தில் அணுவை நிறுத்துகிறது. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சீசியம் நீரூற்றுக் கடிகாரத்தில் இவ்வாறு குளிர்வித்த அணுக்களையே மேலே எறிந்து நொடியை அளக்கிறார்கள். அவ்வாய்வகத்தின் முதல் இயக்குநர் நம் தமிழகத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது.

மக்களுக்கான விஞ்ஞானி

சாகாவின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகவேனும் கூறாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. 1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பேராசிரியர். 1927இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர். ஸ்ரீவாஸ்தவாவுடன் சேர்ந்து அவர் எழுதிய வெப்பவியல் பாடநூல் இந்தியக் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்களால் படிக்கப்பட்டது. 1935இல் அறிவியலையும் பண்பாட்டையும் இணைத்து ஓர் இதழைத் தொடங்கினார். 1938இல் கல்கத்தா திரும்பினார். அங்கே அவர் நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிலையத்தை 1950இல் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்தார். இன்று அது சாகாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளம் சூழும் மண்ணில் பிறந்த அவர், ஆறுகளைப் பற்றி ஓயாமல் எழுதினார். 1943இல் தாமோதர் நதி பெருக்கெடுத்து ஊர்களை அழித்தபோது அவர் முன்வைத்த கருத்துகள், 1948இல் அமைந்த தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கு வழிகோலின. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், நம் மாவட்டம் நீரில் மிதந்ததையும் கண்ட நமக்கு, ஒரு விண்மீன் விஞ்ஞானி ஏன் ஆற்று நீரை அளக்கச் சொன்னார் என்பது எளிதில் புரியும்.

1952இல் சுயேச்சையாக நின்று வென்று நாடாளுமன்றம் சென்றார். நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்தார். அக்குழுவின் பரிந்துரைப்படியே 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு இந்தியாவின் தேசிய நாள்காட்டியாயிற்று. அதைக் காண அவர் இல்லை. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் வீழ்ந்து உயிர் நீத்தார்.

நாம் செய்யக்கூடியது

சாகா ஏழையாகப் பிறந்து உயர்ந்தார், நாமும் உயர்வோம் என்று முடித்துவிடுவது எளிது. அப்படி முடிக்க எனக்கு மனமில்லை. ஏனெனில் அவர் வாழ்க்கையில் அறிவு மட்டும் வேலை செய்யவில்லை. ஐந்து ரூபாய் அனுப்பிய அண்ணன் இருந்தார். சோறு போட்ட மருத்துவர் இருந்தார். நீக்கப்பட்ட மாணவனைச் சேர்த்துக்கொண்ட பள்ளி இருந்தது. கணிதம் படித்தவனை நம்பி இயற்பியல் கற்பிக்க அழைத்த அசுதோஷ் முகர்ஜி இருந்தார். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்திருக்கும். அச்சுக்கூலி என்ற ஒரு கண்ணி அறுந்தபோது, அவ்வளவு பெரிய அறிவும் ஓரத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

அந்த அச்சுக்கூலிக் கதை முடிந்துபோன ஒன்று அன்று. இன்றும் பல வெளிநாட்டு ஆய்விதழ்கள் ஒரு கட்டுரையை வெளியிட ஆயிரக்கணக்கான டாலர் கேட்கின்றன. நம்மில் சிலர் நாளை ஆராய்ச்சிக்குப் போவோம். அப்போது இந்தக் கதவு நம் முன்னும் நிற்கும்.

ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நம் இயற்பியல் துறையில் மாணவர் கணக்குகளையும் சிறு சோதனைகளையும் எழுதி வைக்க ஒரு கையெழுத்து இதழ் தொடங்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும். தாளும் பேனாவும் நாங்கள் கொண்டுவருகிறோம். தோழர்களே, சோடியம் விளக்கு எரியும் அறையில் நாம் அலைநீளத்தைக் குறித்துக்கொண்டு ரெக்கார்டு நோட்டை மூடிவிடுகிறோம். அதற்கு அடுத்த வரியாக, அந்த ஒளி ஓர் அணுவை எவ்வளவு தள்ளும் என்பதையும் எழுதிப் பாருங்கள். பிளாங்க் மாறிலியும் ஒரு வகுத்தலுமே தேவை. அதற்கு அச்சுக்கூலி இல்லை.